தொடாமல் விட்ட இடம்

தாயில்பட்டிக் கம்பெனியில் குருவம்மாளின் கைக்குத் தப்பி ஒரு குண்டூசிகூட உள்ளே போக முடியாது. பட்டாசுக் கம்பெனி என்றால் கேட்டிலேயே பெண்களைத் தடவிப் பார்த்து அனுப்ப ஒரு பெண் ஆள் உண்டு. பதினாறு வருடமாக அந்த வேலை குருவம்மாளுடையது. செல்போன், கொண்டை ஊசி, சேப்டி பின், கொலுசு என்று எல்லாவற்றையும் கழற்றி வாங்கித் தகரத் தட்டில் போட்ட பிறகுதான் ஆளை உள்ளே விடுவாள். ஒரு தடவை கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு வந்த ஒருத்தி, சூடத்தோடு தீப்பெட்டியையும் முந்தானையில் முடிந்து வைத்ததை மறந்துவிட்டாள். சேலைக்கு மேலே ஒரே ஒரு தட்டு. குருவம்மாள் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு உள்ளே இருந்த அத்தனை உயிரும் அந்தக் கையால் பிழைத்தது. கை அப்பேர்ப்பட்ட கை. வாய் எப்பேர்ப்பட்டது என்று பாண்டிமீனா தெரிந்துகொள்ளத்தான் நாலு வருடம் ஆயிற்று.

பாண்டிமீனா வேறு யாருமில்லை, குருவம்மாளின் தம்பி ராம்குமாரைக் கட்டியவள். கல்யாணமான மறுமாதமே மதினிதான் கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டாள். அன்று முதல் தினமும் காலை ஏழரை மணிக்கு மீனா மதினிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பாள். சேலைக்கு மேலே போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையின் காலரில் தொடங்கி, தோள், கக்கம், விலா, இடுப்பு என்று அந்தக் கை இறங்கும். முதல் வருடம் ஒருநாள் விலாவில் கை பட்டதும் மீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். குருவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கை அந்த இடத்தைத் தாண்டிப் போனது.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எந்த இடம் வலிக்கும் என்று மீனாவின் நிற்பைப் பார்த்தே மதினிக்குத் தெரியும். கை அங்கே போகாது. அதோடு விடாமல் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “இவளை இன்னைக்குப் பெட்டி தூக்க விடாதீக, லேபிள் ஒட்டுற இடத்துல உக்கார வைங்க” என்பாள். பெற்ற தாய் இருந்தால்கூட இவ்வளவு பார்ப்பாளா என்று மீனா நினைத்துக்கொள்வாள். தாய் இல்லாத பெண்ணுக்கு ஒரு கை தொடாமல் போவதுகூடப் பாசமாகத் தெரிந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இனி ராம்குமாரைப் பற்றிச் சொல்லவேண்டும். குடிக்க மாட்டான், பீடி சிகரெட் கிடையாது. லோடு வண்டி ஓட்டுகிறவன். போகிற ஊரிலெல்லாம் நல்ல பேர். இப்படி ஒரு மாப்பிள்ளை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைப்பானா என்று ஊரே மெச்சும். அவன் வீட்டில் சத்தமே கேட்காது. கேட்காததற்குக் காரணம், அவன் கத்த மாட்டான், அவளைக் கத்தவும் விடமாட்டான். பைக் ஸ்டாண்டை அவன் காலால் தள்ளும் சத்தத்திலேயே அன்றைய பொழுது எப்படி என்று மீனா தெரிந்துகொள்வாள். மெதுவாகத் தள்ளினால் சோறு இறங்கும். படக்கென்று தள்ளினால் இறங்காது. அவன் அடித்தது எல்லாம் ரவிக்கையும் சேலையும் மறைக்கிற இடத்தில்தான். முகத்தில், முழங்கைக்குக் கீழே ஒருநாளும் கை வைத்ததில்லை. கோபத்தில் கண் மண் தெரியாமல் அடித்துவிட்டேன் என்று சொல்லுகிறவனுக்கு, ரவிக்கைக் கை எதுவரைக்கும் இருக்கிறது என்பது மட்டும் எப்படித் தெரியுமோ, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். மறுநாள் சாத்தூர்க் காரச்சேவு அரைக் கிலோ வாங்கி வந்து அடுப்படியில் வைப்பான். அவள் அதையும் தின்னவேண்டும், தின்பதை அவன் பார்க்கவேண்டும்.

போன ஆவணி மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, தன்னைக் கேட்காமல் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள் என்று இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினான். டி.வி. பார்த்துக்கொண்டே முறுக்கினான். தோளில் ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. அவள் என்ன பேசினாள் என்கிறீர்களா? ஒன்றும் பேசவில்லை. அவனை எதிர்த்துப் பேசி மூன்று வருடம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் மதினியின் கை இடது தோளைத் தாண்டியது. அப்போதுதான் மீனா மெதுவாகச் சொன்னாள், இன்று சாயங்காலம் கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போகப்போவதில்லை, விஸ்வநத்தத்தில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று. குருவம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்களைக் கூட்டிப் பேசுவார்கள், அப்போது நீங்கள் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும் என்று மீனா கேட்டுக்கொண்டாள்.

“சொல்லுதேன் தாயி. எனக்குத் தெரியாதா? நீ தைரியமாப் போ” என்றாள் குருவம்மாள்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் மீனா அன்று முழுக்க லேபிள் ஒட்டினாள். தோள் ஒத்துழைக்கவில்லை. மத்தியானம் சூப்பர்வைசர் ஒரு கட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டினார். அத்தனையிலும் லேபிள் தலைகீழாக இருந்தது. எதிரே உட்கார்ந்து ஒட்டும் பாண்டிச்செல்விக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பாண்டிச்செல்வி சும்மா இருக்கிற ரகம் இல்லை. கண்ணு பொடனியிலா இருக்கிறது என்று கேட்டாள். உன் பெட்டிக் கட்டை என் தலையில் கட்டாதே என்று மீனா சொன்னாள். வார்த்தை தடித்து, பாண்டிச்செல்வியின் பெரியம்மா வரைக்கும் போய் நின்றது. ஷெட்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சண்டை என்றால் அதுதான் சண்டை. இரண்டு பேரும் வாய் வலிக்கப் பேசினார்கள், இரண்டு பேருக்கும் முகம் சிவந்தது, இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் பாண்டிச்செல்வி வாயைத் திறக்கவில்லை, ஆனால் ஊறுகாய் டப்பாவைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். மீனாவும் பேசாமல் எடுத்துத் தொட்டுக்கொண்டாள்.

அண்ணன் மணிமுத்து சிவகாசியில் அச்சாபீசில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். நல்லவன், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் இளசு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்ற தங்கச்சியின் தோளைப் பார்த்துக் கண் கலங்கினான். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: “அந்த வீட்டு ஆளு ஒருத்தர் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும் மீனா. ஒரே ஒருத்தர் போதும். நான் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்.” ஒருவருக்கு எங்கே போவேன் என்று மீனா கவலைப்படவே இல்லை. மதினி இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் குருவம்மாள் வீட்டில்தான் பேச்சுவார்த்தை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டி.வி. மேலே குருவம்மாளின் மகள் ஓவியாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. மணிமுத்து அச்சாபீசில் நின்று அடித்துக் கொடுத்தவை. நடுநாயகமாக ராம்குமாரின் சித்தப்பா சுந்தரபாண்டி. இந்தப் பக்கத்தில் அவர் தீர்த்துவைக்காத புருசன் பெண்டாட்டி வழக்கு கிடையாது. தீர்த்துவைத்த பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று அவர் போய்ப் பார்த்தது கிடையாது.

எல்லோருக்கும் காப்பி வந்தது. சுந்தரபாண்டி ஒரு மிடறு குடித்துவிட்டு, “எதுக்குச் சண்டை வந்துச்சு? அதைச் சொல்லு தாயி” என்றார்.

“சண்டை வரல சின்னமாமா.”

“சண்டை வராம அவன் எப்பிடித் தாயி கை நீட்டுவான்?”

மீனாவுக்குப் பதில் தெரியவில்லை. அதைத்தான் அவளும் நாலு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். சுந்தரபாண்டி காரணம் இல்லாத வழக்கைப் பார்த்ததில்லை போலும். அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டில் குறையா, போனில் அதிகம் பேசுகிறாளா, பிள்ளை இல்லாத வருத்தமா, வேறு ஏதும் சந்தேகமா. ஒவ்வொன்றுக்கும் மீனா இல்லை இல்லை என்று தலையாட்டினாள். ஆட்ட ஆட்ட அவர் முகத்தில், இவள் எதையோ மறைக்கிறாள் என்கிற நினைப்பு ஏறிக்கொண்டே போனது. அண்ணனும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். காரணம் சொல்லத் தெரியாதவளே குற்றவாளி என்று ஆகிவிட்டது.

ராம்குமார் கையைக் கட்டி அடக்கமாக உட்கார்ந்திருந்தான். “தப்பு ரெண்டு பேர்கிட்டயும்தான் இருக்கு சித்தப்பா. என் பங்கை நான் ஒத்துக்கிடுதேன். அவ பங்கை அவ ஒத்துக்கிட்டாப் போதும்” என்றான். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். சுந்தரபாண்டிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது.

மீனா நிமிர்ந்தாள். “மதினிக்குத் தெரியும். மதினியைக் கேளுங்க.”

குருவம்மாள் அடுப்படி வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். தட்டைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மீனா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்னத்தைக் கண்டேன்” என்றாள் குருவம்மாள். “சின்னஞ்சிறுசுக. சண்டை போட்டுக்கிடும், கூடிக்கிடும். இவளும் லேசுப்பட்டவ இல்ல சித்தப்பா. ஏலே தம்பி, அந்தக் கையைக் காட்டு. அது வண்டிக் கதவு நசுக்குனது இல்ல. இவ கடிச்சது.”

ராம்குமாரே ஒரு கணம் திகைத்துப்போனான். பெண்டாட்டி கடித்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, கதவு நசுக்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தவன் அவன். பிறகு மெதுவாக வலது கையை நீட்டினான். பெருவிரலுக்குக் கீழே பல் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது.

அந்த விஷயம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். போன பங்குனியில், அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாது என்று அவன் அவள் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்தினான். மூச்சு முட்டிக் கண் இருண்டபோது மீனா கடித்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி வேப்பமரத்தடியில் அழுதுகொண்டே மதினியிடம் சொன்னாள். நல்ல வேலை செய்தாய் என்று அன்று முதுகைத் தடவிக் கொடுத்ததும், என் தலை போனாலும் வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியதும் இதே குருவம்மாள்தான். தலை போகவில்லை. கடித்ததை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, ஏன் கடித்தாள் என்பதை அடுப்படியிலேயே விட்டுவிட்டாள். அறுத்த பாதியைக் காட்டினால் அதுதான் முழுசு என்று நம்ப ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

மூச்சு முட்டியதால் கடித்தேன் என்று மீனா சொல்லத்தான் செய்தாள். அதற்குள் சுந்தரபாண்டி தொடையைத் தட்டிவிட்டார். ரெண்டு கை தட்டினால்தானே ஓசை என்றார். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றார். காலையிலிருந்து காரணம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவருக்குப் பழமொழியாகக் கொட்டியது. மணிமுத்து அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, நீயும் லேசில் விடவில்லையே என்று முணுமுணுத்தான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, புதன்கிழமை அண்ணனே கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ராம்குமார் எழுந்து எல்லோருக்கும் இரண்டாவது காப்பி ஊற்றினான். மீனாவின் தம்ளரை மட்டும் அவள் கையில் கொடுத்து, விரலை ஒரு அழுத்து அழுத்தினான். அது யார் கண்ணிலும் படவில்லை.

அடி வாங்கியபோதுகூட மீனாவுக்கு இப்படி இருந்ததில்லை. அவன் அடிப்பவன், அடித்தான். அவனிடம் அவளுக்கு நம்பிக்கை என்று ஒன்று இருந்து நாளாயிற்று. மதினியோ கூடவே இருந்து குழி பறித்தவள். தினமும் உடம்பைத் தொட்டுப் பார்த்து, எங்கெங்கே காயம் என்று தன்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, நாலு வருடம் தாயி தாயி என்று கூப்பிட்டு நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவள். விஸ்வநத்தம் போகிற வரைக்கும் அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மீனா அழவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். கேட்டில் பெண்கள் வரிசை. அவளுக்கு நேர் பின்னால் பாண்டிச்செல்வி, இன்னும் பேச்சில்லாமல். மீனா செல்போனைத் தட்டில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். இடது கை முழுக்க ஏறவில்லை. குருவம்மாள் முகத்தைப் பார்க்காமல் காலரிலிருந்து தொடங்கினாள். வலது தோள். கழுத்து. பழகிய கை இடது தோளைத் தாண்டி இடுப்புக்குப் போனது.

மீனா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்துக் கொண்டுவந்து தன் இடது தோள்மேல் வைத்தாள்.

“இங்கன பாக்காம விட்டுட்டீக மதினி.”

“பரவால்ல, நீ உள்ள போ.”

“முழுசாப் பாருங்க. நாளைக்கு உள்ள தீப்பிடிச்சா உங்களைத்தான் கேப்பாக. நல்லா அமுக்கிப் பாருங்க.”

“வேண்டாம் தாயி.”

“ஏன் வேண்டாம்?”

“வலிக்கும்லா” என்றாள் குருவம்மாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வரிசையில் பின்னால் கசகசவென்று இருந்த பேச்சு நின்றுபோனது.

“எதுக்கு வலிக்கும்? நீங்கதான் ஒண்ணும் காணலயே.” மீனாவின் குரல் உயரவில்லை, ஆனால் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது. “கண்டது கையில இருக்கு மதினி. வாயிலதான் இல்ல.”

குருவம்மாள் கையை உருவப் பார்த்தாள். மீனா விடவில்லை. மதினியின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. பத்திரிகையில் தாய்மாமன் இடத்தில் ராம்குமார், மீனா என்று இரண்டு பேர் பேரையும் சேர்த்து அடித்தாயிற்று, இந்த நேரத்தில் தம்பி பெண்டாட்டி பிரிந்து போனாள் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், ஓவியா கல்யாணம் முடிகிற வரைக்குமாவது என்று குருவம்மாள் மூச்சுக்குள்ளே சொன்னாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்குத் தம்பிச் சதையும் மகள் சதையும் ஆடியது. தாங்கியது வேறு வீட்டுச் சதை.

மீனா கையை விட்டாள். “ஓவியா நல்லா இருக்கட்டும். அவளுக்கு வாய்க்கிற மதினி வேற மாதிரி இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தட்டிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நடந்தாள். புதன்கிழமை போகப்போவதில்லை. அண்ணனிடம் அனுமதி கேட்கப்போவதுமில்லை. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு மகளிர் போலீஸ் ஸ்டேஷன். அங்கேயும் எதற்குச் சண்டை என்றுதான் கேட்பார்கள். இன்றைக்கு அவளிடம் பதில் இருந்தது: சண்டை என்றால் இரண்டு பேரும் போடவேண்டும், இது வெறும் அடி.

ரோட்டுக்கு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் பாண்டிச்செல்வி, மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். சீசன் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டால் சூப்பர்வைசர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும்.

“நம்ம பேசுறது இல்லையே” என்றாள் மீனா.

“பேசலேன்னா பாக்கலேன்னு ஆயிருமா?” என்றாள் பாண்டிச்செல்வி. “ரெண்டு வருசமா உனக்கு எதிரே உக்காந்திருக்கேன். ஒரு நாளு வலது கையில ஒட்டுத, ஒரு நாளு இடது கையில ஒட்டுத. அந்தம்மா ‘வலிக்கும்லா’ன்னது என் காதுல நல்லா விழுந்துச்சு. எந்த ஸ்டேஷன்ல வேணாலும் சொல்லுதேன்.”

மீனாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சிவகாசி பஸ் வருகிற வரைக்கும் அழுதாள். பாண்டிச்செல்வி சமாதானம் சொல்லவில்லை, தோளையும் தொடவில்லை; அவள்மேல் வெயில் படாமல் மறைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் பாண்டிச்செல்வி வெளியே பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“ஆனா ஒண்ணு சொல்லிருதேன். லேபிளைத் தலைகீழா ஒட்டுனது நீதான்.”

“நான் ஒண்ணும் இல்ல, நீதான்” என்றாள் மீனா.

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கதோசத்தில், என்ன வரப்போகிறதோ என்று உடம்பை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பாண்டிச்செல்வி ஒரு முறை முறைத்துவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.